பல்லுக்காரர் வால்நட் சாப்பிடாத கதை

பல்லுக்காரருக்கு அறுபது தாண்டியும் சொந்தப் பற்கள் அத்தனையும் வாயில் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊராருக்குப் பல் செட் செய்து தருகிற மனுஷன் என்றால் பார்க்கிறவர்கள் கண் நேராக அவர் வாய்க்குத்தான் போகும். "உங்களுது சொந்தமா, செட்டா?" என்று கூச்சப்படாமல் கேட்பவர்களும் உண்டு. அவர் பதில் சொல்ல மாட்டார். சிரிக்கவும் மாட்டார். சிரித்தால்தானே தெரியும்? அதனால் அந்தச் சந்தேகம் அந்தத் தெருவில் இன்னும் தீரவில்லை.

அவர் வேலை செய்யும் இடம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறை. முன்னால் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்னால் இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பார். அதன் மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவார். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஈறு நிற அக்ரிலிக்கை அழுத்தி வேகவைத்து, மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். பற்களை ராணுவ அணிவகுப்பு மாதிரி நேராக நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது. "ஒண்ணு ரெண்டு லேசாத் திரும்பி நிக்கணும். அப்பத்தான் அது மனுஷன் வாய்" என்பார். பல நாட்களில் அவர் பேசுகிற மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சுவர் அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அத்தனை வாய் இருந்தும் அந்த அறையில் பேச்சு கிடையாது. மோட்டாரை நிறுத்தினால் குழாய் சொட்டுவது கேட்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. துணியை மடித்து அலமாரியில் வைக்கத் தெரியாத ஆளல்ல அவர். அந்த நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்றுதான் அப்படியே விட்டிருந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்பதற்கும் யாரும் வருவதில்லை.

ஒரே மகள். விமானம் ஏறித்தான் போக வேண்டிய ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். யார் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்கிற வேலை. அம்மா இருந்தவரை மகளும் அம்மாவும் போனில் மணிக்கணக்காக அளப்பார்கள். நடுவில் அப்பா கைக்குப் போன் வரும். "சாப்பிட்டியா? உடம்பு நல்லாருக்கா? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான் அவர் பங்கு. பாசம் இல்லாமலா? நெஞ்சு நிறைய இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவருகிற வேலையை மனைவியே பார்த்துக்கொண்டதால் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

அம்மா போன பிறகு போனைக் கொடுக்க ஆள் இல்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேச்சுக்குத் தவிப்பார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினால் இன்னொருவர் "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். வெயில், மழை, தண்ணீர் வரத்து எல்லாம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அப்பன் மகள் பேச்சு இப்படி முட்டுச் சந்தில் நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

அப்போதுதான் வால்நட் வந்து காப்பாற்றியது.

டாக்டரம்மா பிடித்து இழுக்காத குறையாக அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கெட்ட கொழுப்பு அளவு தாண்டியிருந்தது. மருந்து ஆரம்பிக்கிற அளவுக்கு இல்லை, சாப்பாட்டை மாற்றி, நடந்து பார்க்கலாம் என்றார்கள். விஷயம் மகள் காதுக்குப் போனது. அன்று சாயங்காலமே போன். இரண்டு வருஷமாகச் சுருதி இறங்கிக் கிடந்த குரல் சட்டென்று நிமிர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த விஷயம் ஆயிற்றே!

"அப்பா, நான் வால்நட் அனுப்பறேன். தினமும் ஒரு கைப்பிடி. அதுக்கு மேல வேண்டாம்."

"அக்ரூட்டா? அது கசக்குமே."

"கசக்கறது அந்த மெல்லிசுத் தோல்தான். அதை உரிச்சுப் போட்டுடாதீங்க. பாலிபினால்னு ஒண்ணு இருக்கு, உடம்புல துரு ஏறாம பாத்துக்கற சமாச்சாரம், அது பெரும்பாலும் அந்தத் தோல்லதான் இருக்கு. கசப்போட சாப்பிடுங்க."

"கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்றாங்க. நீ கொழுப்பையே அனுப்பறேங்கறியே?"

மகள் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"எல்லாக் கொழுப்பும் ஒண்ணு இல்லப்பா. இது நல்ல கொழுப்பு. பாதாம், முந்திரிலயும் நல்ல கொழுப்பு இருக்கு. ஆனா ஒமேகா மூணு இந்த அளவுக்கு இருக்கறது வால்நட்லதான். மீன்ல இருக்கறதும் இதுவும் அப்படியே ஒண்ணு இல்ல. ஆனா நீங்க மீனைத் தொடமாட்டீங்க, அதனால இதாவது உள்ள போகட்டும். கூடவே புரதம், நார்ச்சத்து, மக்னீசியம், தாமிரம். ரத்தக்குழாய்க்கு நல்லது, குடலுக்கும் நல்லது."

"அப்ப நிறைய சாப்பிடலாமே?"

"அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. கலோரி ஏகப்பட்டது. நீங்க சாயங்காலம் பிஸ்கட் சாப்பிடறீங்க இல்ல? அதுக்குப் பதிலாத்தான் இது. பிஸ்கட்டும் தின்னுட்டு இதையும் தின்னா ஒரு பிரயோஜனமும் இல்ல. இது மருந்து கிடையாது, சாப்பாடு. மாயமெல்லாம் பண்ணாது. ஃபிரிட்ஜ்ல வைங்க, அடுப்புப் பக்கம் வச்சா எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன? மகள் பேசிக்கொண்டே இருந்தாள்.

பார்சல் வந்தது. அவரும் ஒழுங்காகச் சாப்பிட்டார். காலையில் நடந்தார், பிஸ்கட்டைத் தலை முழுகினார். மகள் தினமும் கூப்பிட்டாள். ஒரு கேள்வி கேட்டால் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளும் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அதனால் பகலில் பல்லைத் தேய்த்துக்கொண்டே அன்றைய கேள்வியை யோசித்துத் தயார் பண்ணுவார். ஊறவைத்துச் சாப்பிட வேண்டுமா? வறுக்கலாமா? தாமிரம் உடம்பில் என்ன செய்யும்? மூளை மாதிரி இருப்பதால்தான் மூளைக்கு நல்லது என்கிறார்களே, நிஜமா? "உருவத்தைப் பாத்து முடிவு பண்ணக்கூடாதுப்பா, அப்படிப் பாத்தா தேங்காய்க்கும் மூணு கண்ணு இருக்கு" என்று அவள் சொன்னபோது, அந்த ஆள், சிரிக்காத ஆள், தனி வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கெட்ட கொழுப்பு இறங்கியிருந்தது.

"பாஸ் பண்ணிட்டீங்கப்பா!" என்று மகள் கத்தினாள். அவருக்கும் பெருமைதான். ஆனால் மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. "எல்லாம் ஓகேதானேப்பா? அப்படியே கன்டினியூ பண்ணுங்க" என்று சுருக்கமாக முடிந்தது. அடுத்த ஞாயிறு வெறும் மெசேஜ். ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் பேசுவது?

இங்கேதான் அவருக்குப் புத்தி பிசகியது. வேலையில் அவர் பெரிய கணக்குக்காரர். எங்கே உரசுகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, காரணத்தைத் தேய்த்து எடுக்கிறவர். அதே வழியில் இதையும் யோசித்தார். உடம்பு கெட்டிருந்தபோது மகள் பேசினாள். நன்றாக ஆனதும் நின்றுவிட்டது. ஆக, இடிக்கிற இடம் எது? ஆரோக்கியம். அதைத் தேய்த்து எடுத்துவிட வேண்டியதுதான்! பைத்தியக்காரத்தனத்துக்குக் கூட இவ்வளவு ஒழுங்கான காரணம் கண்டுபிடிக்க ஒரு தொழில்காரனால்தான் முடியும்.

மறுநாளே வால்நட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறை மேஜை இழுப்பறையில் வைத்தார். வீடு திரும்பும் வழியில் பேக்கரிக்குள் நுழைந்தார். வெண்ணெய் பிஸ்கட், கிரீம் வைத்த ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு. ஆசைப்பட்டுத் தின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மருந்து சாப்பிடுவது போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கடமையே என்று தின்றார். நடையும் நின்றது.

இழுப்பறை வால்நட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. புது செட் போட்டவர்களை டாக்டரம்மா கடைசிச் சரிபார்ப்புக்குப் பின்னறைக்கு அனுப்புவார். பல்லுக்காரர் மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவே நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார். நீலம் அழுத்தமாகப் பதிந்த இடத்தில் தேய்ப்பார். அதன் பிறகு எதையாவது மென்று பார்க்க வேண்டும் அல்லவா? இதுவரை ரொட்டித் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அரை வால்நட்டைக் கொடுத்தார். பாதாம் மாதிரி கல்லாக இருக்காது, ரொட்டி மாதிரி ஏமாற்றவும் செய்யாது. செட்டின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இதில் ருசி கண்டவர் ஒரு பஸ் டிரைவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இவர் வயதுதான் இருக்கும். இரண்டு தாடைக்கும் முழு செட். மூன்று நாளுக்கு ஒருமுறை நடந்தே வந்துவிடுவார்.

"பல்லுக்காரரே, இன்னைக்கும் வலது பக்கம் லேசா உறுத்துது."

நீலத்தாளை வைத்துப் பார்த்தால் ஒரு உறுத்தலும் இருக்காது. ஆனால் டிரைவரின் கண் இழுப்பறை மேலேயே இருக்கும். கொடுத்தால் மென்று, "இப்பக் கொஞ்சம் பரவால்ல" என்று இன்னொன்றுக்குக் கை நீட்டுவார். பல்லுக்காரருக்கு விஷயம் புரியாமல் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் நேரமாவது அந்த அறையில் ஒரு வாய் அசைந்தது.

அடுத்த பரிசோதனையில் கொழுப்பு ஏறியிருந்தது. மகள் அன்றே கூப்பிட்டாள்.

"எப்படிப்பா? சாப்பிடறீங்கதானே?"

"சாப்பிடறேம்மா."

"தோலோட?"

"தோலோட."

பொய். வாழ்க்கையில் அதிகம் பொய் சொல்லாத மனுஷன், அதனால் அது நாக்கில் கசந்தது. ஆனால் மறுநாள் போன் அடித்தது. அதற்கு மறுநாளும் அடித்தது. வீடு நிறைந்தது போல் இருந்தது அவருக்கு. உப்புப் போட்டு வறுத்ததை வாங்கினாரா, டப்பாவை வெயிலில் வைத்தாரா, வேறு எண்ணெய்க்கு மாறினாரா என்று மகள் குடைந்து குடைந்து கேட்டாள். கேட்கக் கேட்க அவருக்குச் சந்தோஷம். போனை வைத்ததும் வெட்கம். ராத்திரி சோற்றை விட்டுவிட்டு கிரீம் ரொட்டியை எடுப்பார், தண்ணீர் குடித்து விழுங்குவார்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "எங்கிட்ட வர்ற பேஷண்ட்டுங்களுக்கெல்லாம் உங்க கதையைத்தான்பா சொல்லிட்டிருந்தேன். எங்க அப்பா இப்படித்தான் குறைச்சார்னு. இப்ப என்ன சொல்றதுன்னே தெரியல. நான் சொல்றதுல எங்கயோ தப்பு இருக்கு போல." அவள் குரல் உடைந்திருந்தது. அந்த நிமிஷமே உண்மையைக் கொட்டியிருக்க வேண்டும். "சேச்சே, நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா" என்று மட்டும் சொல்லி மழுப்பினார். உண்மையைச் சொன்னால் போன் நின்றுவிடுமே என்ற பயம். கையில் கிடைத்ததை விட மனசு வரவில்லை.

நான்காவது பரிசோதனையில் இன்னும் ஏறியிருந்தது. இந்தத் தடவை மகள் அழவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. ஆபீஸ் குரலில் பேசினாள்.

"அப்பா, இனிமே நானே பாத்துக்கறது சரியா வராது. டாக்டரப் போய்ப் பாருங்க, மருந்து ஆரம்பிக்கச் சொல்வாங்க. அதோட, வீட்ல தனியா இருக்கறவங்களுக்கு தினமும் போன் பண்ணி விசாரிக்கற ஒரு நிறுவனம் இருக்கு. அதுல உங்களைச் சேத்துட்டேன். ஒரு பொண்ணு தினம் பேசுவா. என்ன சாப்பிட்டீங்க, நடந்தீங்களான்னு கேப்பா. அவங்க எனக்கு வாரா வாரம் சொல்லிடுவாங்க."

"நீ?"

"நானும் அப்பப்ப பேசறேன்பா."

மறுநாள் சரியாக மகள் கூப்பிடும் நேரத்தில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார்.

"வணக்கம் ஐயா. நலமா இருக்கீங்களா? இன்னைக்கு வால்நட் எடுத்துக்கிட்டீங்களா ஐயா?"

இனிமையான குரல்தான். குறை சொல்ல முடியாது. "ஆமா" என்றார்.

"ரொம்ப நல்லது ஐயா. எத்தனை நிமிஷம் நடந்தீங்க ஐயா?"

ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே வரிசை. ஆமா என்றாலும் ரொம்ப நல்லது, இல்லை என்றாலும் பரவாயில்லை ஐயா. ஒருநாள் தாங்கமாட்டாமல் அவர் கேட்டுவிட்டார்: "நீ சாப்பிட்டியாம்மா?"

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "அது... ஐயா, அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்றாள். போகலாம் என்றார். பாவம், அவளுக்கு இன்னும் எத்தனை தனி வீடுகளுக்குப் போன் போட வேண்டுமோ.

மகளின் போன் குறைந்தது. கொழுப்பு ஏறியும் குறைந்தது. கணக்கு தப்பிப்போனது மட்டுமல்ல, தலைகீழாகவே ஆகிவிட்டது. வரும்போதும், "அந்தப் பொண்ணு ஒழுங்கா பேசறாளா?" என்பதோடு முடிந்தது. எந்தப் பேச்சுக்காக உடம்பைக் கெடுத்துக்கொண்டாரோ, அந்தப் பேச்சைத் தன் கையாலேயே வேறொருத்தியிடம் ஒப்படைத்தது போல் ஆயிற்று. அன்றிரவு நாற்காலியில் இருந்த துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

டிரைவர் வந்தார். உறுத்துகிறது என்று சொல்லக்கூட மெனக்கெடவில்லை. நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேஜை மேலிருந்த பேக்கரிப் பையைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் அக்ரூட்டு, உங்களுக்கு மட்டும் கிரீம் ரொட்டியா? நல்ல நியாயம்! என் பையன் நேத்து ரத்தம் பாக்கக் கூட்டிட்டுப் போனான். எனக்குக் கொழுப்பு இறங்கியிருக்காம்."

"நீங்க இவ்வளவு தூரம் நடந்து வர்றீங்களே, அதுவும்தான் காரணம்."

"உங்களுக்கு?"

பல்லுக்காரர் தேய்த்துக்கொண்டிருந்த செட்டைக் கீழே வைத்தார். மோட்டாரை நிறுத்தினார். எப்படி வந்தது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். மகள் பேசியது, நின்றது, பேக்கரி, அந்தப் போன் பெண். டிரைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வால்நட்டைக்கூட மெல்லவில்லை. அது பெரிய மரியாதை.

"நீங்களே கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் கடைசியில்.

"அவ வேலையா இருப்பா."

"என் பையன் பக்கத்து ரூம்லதான் இருக்கான். அவனுந்தான் எப்பப் பாத்தாலும் வேலையா இருக்கான். நான் போய்க் கதவைத் தட்டுவேன். 'என்னப்பா, சும்மா சும்மா'ன்னு எரிஞ்சு விழுவான். விழட்டும். அந்த ரெண்டு வார்த்தையாவது எனக்குத்தானே விழுது?"

இத்தனை நாளில் இவர் ஒருமுறைகூட மகளைத் தானாகக் கூப்பிட்டதில்லை. கேட்டால் நம்புவீர்களா? அந்த வீட்டு வழக்கம் அப்படி. மகள் கூப்பிடுவாள், இங்கே எடுப்பார்கள். அவளுக்கு எது தோதான நேரம் என்று தெரியாதே, தொந்தரவாக இருக்குமே என்று மனைவி காலத்தில் ஏற்பட்ட பழக்கம். மனைவி போனாலும் பழக்கம் போகவில்லை.

டிரைவர் போன பிறகு, பிளாஸ்டர் தூசி படிந்த விரலாலேயே மகள் எண்ணை அழுத்தினார். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா! என்னாச்சு? எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடுங்க!"

அப்பா கூப்பிட்டால் ஆபத்து என்றுதான் இந்தப் பெண்ணுக்குத் தெரியும். வேறு எதற்கும் கூப்பிடுகிற அப்பனாக இவர் இருந்ததில்லை.

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் இருக்கேன். சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?" அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நெஞ்சு வலிக்குதா? மறைக்காதீங்கப்பா."

"வலியெல்லாம் இல்ல. ஒரு விஷயம் சொல்லணும். நீ திட்டினாலும் சரி." மூச்சை இழுத்துக்கொண்டார். "நான் வால்நட் சாப்பிடலம்மா. முதல்ல சாப்பிட்டேன். இறங்கிச்சு. நீ போன் பண்றது நின்னுபோச்சு. அதனால நிறுத்திட்டேன். பேக்கரியில வாங்கி வாங்கித் தின்னேன். நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. தப்பெல்லாம் என்னோடதுதான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நிமிஷக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு மகள் வெடித்தாள். எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள் என்று தெரியுமா, கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் கேட்டுத் திரிந்தாள் என்று தெரியுமா, அம்மாவைத்தான் காப்பாற்ற முடியவில்லை, அப்பாவையாவது என்று கிடந்து அடித்துக்கொண்டதெல்லாம் தெரியுமா என்று கத்தினாள். "என்கூடப் பேசறதுக்கு நீங்க சாகணுமாப்பா?" என்றாள். அத்தனையும் நியாயம். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கத்தி ஓய்ந்த பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஏன் போன் பண்றது நின்னுச்சுன்னு கேட்டீங்களா? ஒவ்வொரு தடவையும் நீங்கதான்பா முதல்ல 'சரி, வைக்கட்டுமா'ன்னு கேப்பீங்க. ஒரு தடவை விடாம. நான் ஏதாவது பேசிட்டே இருப்பேன், நீங்க 'சரிம்மா, வைக்கட்டுமா'ன்னு. இவருக்கு என்கூடப் பேசப் பிடிக்கல, உடம்புக்காகப் பொறுத்துக்கறார்னு நெனச்சேன். உடம்பு சரியானதும், சரி, இனிமே தொல்லை பண்ண வேண்டாம்னு விட்டேன்."

பல்லுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் களைத்திருப்பாளே, சாப்பிடப் போகட்டுமே என்றுதான் அந்த வார்த்தை. ஆசையோடு ஒவ்வொரு நாளும் காத்திருந்து, வந்த போனை, மகள் மேல் வைத்த கரிசனத்தாலேயே தானே அறுத்திருக்கிறார்.

"உனக்கு வேலை இருக்குமேன்னு கேட்டேன்மா. எனக்கு வைக்கவே மனசு வராது. நீ வச்ச பிறகும் கொஞ்ச நேரம் காதுலயே வச்சிருப்பேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். இந்தப் பக்கமும் அதே கதைதான், அவர் துணியால் துடைத்துக்கொண்டார். பிளாஸ்டர் தூசி கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது.

அதன் பிறகு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கொழுப்புப் பற்றிப் பேச முடியாது, வால்நட் பற்றிப் பேச முடியாது. பழைய முட்டுச் சந்து மறுபடி வந்து நின்றது. அவர் தொண்டையைச் செருமினார். அவள் "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

"நான் இன்னும் சமைக்கலப்பா" என்றாள் மகள். "வெங்காயம் நறுக்கணும்."

அவர் வாய் வரைக்கும் 'வைக்கட்டுமா' வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"நறுக்கு" என்றார். "நான் இருக்கேன்."

அவள் போனைச் சமையல் மேடையில் வைத்தாள். தட்டென்று சத்தம் கேட்டது. குழாய் திறந்தது, மூடியது. ஏதோ பாத்திரம் இறங்கியது. கத்தி பலகையில் விழத் தொடங்கியது, வேகமாக, நடு நடுவே நின்று. அந்தச் சமையலறையை அவர் பார்த்ததே இல்லை. அவள் ஏதோ முணுமுணுத்தாள், உப்பைத் தேடுகிறாள் போலிருக்கிறது. ஒருதரம் மேடைப் பக்கம் குனிந்து, "அப்பா, இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேம்மா."

"சரி" என்று மறுபடி நறுக்கப் போனாள். டாக்டரம்மா முன்னறை விளக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்து, கிளம்பலாமா என்று சைகையில் கேட்டார். பல்லுக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், கதவைத் தானே பூட்டிக்கொள்வதாகக் கையைக் காட்டினார்.